லோட்டஸ் எலான் எஸ்4: முன் மட்கார்டில் நட்சத்திர வெடிப்பு, ஹெட்லைட் எழவில்லை. பாடியைத் தூக்க வேண்டுமா?

தோட்டத்துக்_கொட்டகை

எல்லாருக்கும் வணக்கம். கார் 1969 எலான் எஸ்4 கூபே, இங்கிலாந்து லோட்டஸின் ஃபைபர் பாடி ஸ்போர்ட்ஸ் கார். மலேசியாவில் பேராக் ஸ்லிம் ரிவரில், தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் நிற்கிறது. சிமெண்ட் தரை, இரண்டு பக்கம் திறப்பு, சுற்றிலும் செம்பனை. பல வருடமாக ஓடவில்லை.

இப்போதைய நிலை: முன் மட்கார்டு இரண்டிலும் நட்சத்திர வெடிப்பு, பெரியது உள்ளங்கை அகலம். வலது கதவு பின்முனையில் 8 மி.மீ. இறங்கியிருக்கிறது. போட்டால் மேலே எழ வேண்டிய ஹெட்லைட் இரண்டும் எழவில்லை. பின் விளக்கு போட்டால் மங்கல், பிரேக் மிதித்தால் சிக்னலும் சேர்ந்து மினுக்குகிறது. மேலே நாலு அடுக்குப் பெயிண்ட்.

ஃபைபர் பாடிக்குத் துரு இல்லை, அதனால் பாடியைத் தூக்காமல் மேலேயே வெடிப்பை அடைத்து ஸ்பிரே பண்ணலாம் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்க.

பழைய_கிராணி

தம்பி, பாடிக்குத் துரு இல்லை என்பது சரி. அதன் அடியில் இருக்கிற இரும்புக்கு உண்டு. எலானில் பாடி வெறும் சட்டை மாதிரி. எஞ்சின், கியர்பாக்ஸ், நாலு சக்கரம் எல்லாவற்றையும் தாங்குவது நடுவில் ஓடுகிற மடித்த தகட்டு முதுகெலும்புச் சேசிஸ்தான். அந்தக் காலத்தில் அதற்குத் துத்தநாகப் பூச்சு கிடையாது, வெறும் பெயிண்ட். பாடிக்கும் சேசிஸுக்கும் இடையே இருக்கிற திண்டு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் மழைக்கு அது காய்வதே இல்லை.

உங்கள் ஹெட்லைட் எழாததை நான் விளக்குக் கோளாறாகப் பார்க்கவில்லை. இந்தக் காரில் விளக்கை மேலே ஏற்றுவது எஞ்சினின் வேக்கம், அதாவது அது காற்றை உறிஞ்சும் இழுவை. அந்த வேக்கத்தைச் சேர்த்து வைக்கிற தொட்டி எது தெரியுமா? சேசிஸின் முன் குறுக்குச் சட்டமேதான். அது மூடிய பெட்டி. அதில் ஊசி முனை அளவு துருத்துளை விழுந்தாலும் வேக்கம் நிற்காது, விளக்கு எழாது. ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதனால் முதலில் பிரித்துப் பாருங்கள்: தொட்டிக்குப் போகும் குழாய்களைக் கழற்றுங்கள், ஒன்றைத் தவிர மற்றதை அடைத்துவிடுங்கள், மீதி ஒன்றில் கைப்பம்பு வைத்து 15 அங்குலம் வேக்கம் ஏற்றுங்கள். 10 நிமிடம் முள் நின்றால் குழாயையும் வால்வையும் தேடலாம். இறங்கினால் சேசிஸ் ஓட்டை.

அதோடு முன் சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தாங்கும் இரண்டு செங்குத்துத் தூண்களின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டிங்' என்றால் இரும்பு. 'டொப்' என்றால் உள்ளே துருச்சேறு. தண்ணீர் வடியும் துளை அடைபட்டு அங்கேதான் முதலில் தின்னும். சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையை மாட்டுகிற இரும்புப் பின், சேசிஸுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றியும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெயிண்ட் உப்பியிருந்தால் தயங்காமல் குத்துங்கள். ஓட்டும்போது அந்தப் பின் பிய்ந்தால் சக்கரமே மடங்கிவிடும்.

இந்த இரண்டையும் பார்க்காமல் ரெசின் வாளியைத் திறக்காதீர்கள்.

ரெசின்_வாளி

கிராணி ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் ஒன்று: சேசிஸ் மோசம் என்று தெரிந்தாலும் உடனே பாடியைத் தூக்கிவிடாதீங்க. கதவுத் தூண், கதவுக்கு அடியில் ஓடும் சில், பின் சக்கர வளைவு மாதிரி வடிவத்தைப் பிடிக்கிற இடங்களில் வெடிப்பு இருந்தால், பாடி சேசிஸில் உட்கார்ந்திருக்கும்போதே, இரண்டு கதவும் மாட்டி மூடியிருக்கும்போதே அந்த வேலையை முடிக்கணும். கதவு இடைவெளியில் 5 மி.மீ. மரச்சீவல் செருகி வையுங்க. தூக்கி இரண்டு முக்காலியில் வைத்துவிட்டு லாமினேட் பண்ணினால், அதாவது ரெசினும் கண்ணாடி இழையும் அடுக்கி ஒட்டினால், பாடி தொய்ந்த நிலையிலேயே இறுகிடும். பிறகு எந்த ஹிஞ்சைத் திருகினாலும் கதவு சேராது.

கதவு 8 மி.மீ. இறங்கியதற்குக் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். கதவைப் பாதி திறந்து பின்முனையைக் கையால் தூக்குங்க, இன்னொருத்தர் ஹிஞ்சைப் பார்க்கணும். ஹிஞ்சும் அதற்குள் இருக்கும் இரும்புப் பின்னும் தனித்தனியா ஆடினால் அந்தப் பின் தேய்ந்தது. ஹிஞ்சோடு சேர்ந்து பாடித் தோலே அசைந்தால், பொல்ட் பிடிக்க ஃபைபருக்குள் பதித்த உலோக பாபின் கழன்றது. அப்படி என்றால் சுற்றிலும் அரைத்து எடுத்துப் புதுசாகப் பதிக்கணும். மேலே புட்டி வைத்துப் பொல்ட்டை முறுக்கினால் வெள்ளையாத் தூள்தான் வரும்.

தூக்கும்போது: பாடிப் பொல்ட்டுகள் பாபினோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். துரு எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊற விடுங்க, பிறகு கால் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. இம்பேக்ட் கன் வேண்டவே வேண்டாம், பாபின் ஃபைபருக்குள்ளேயே சுழன்றுவிடும். எந்தப் பொல்ட்டின் கீழ் எத்தனை வாஷர் இருந்தது என்று எழுதி, படம் எடுத்து, தனித்தனிப் பையில் போடுங்க. அந்த வாஷர்தான் பாடியை நேரா உட்கார வைப்பது. வெறும் பாடியை நாலைந்து பேர் தூக்கிடலாம். இறக்கி வைக்கும் இடத்தில் சில்லின் முழு நீளத்துக்கும் 4க்கு 2 மரச்சட்டம், மேலே பழைய கம்பளம்.

தோட்டத்துக்_கொட்டகை

நன்றி ஐயா, நன்றி அண்ணே. கைப்பம்பு தேடுகிறேன். நட்சத்திர வெடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவா சொல்ல முடியுமா? ரெசின் எவ்வளவு, ஹார்டனர் எவ்வளவு? கடையில் 2 விழுக்காடு என்று சொன்னார்கள்.

ரெசின்_வாளி

அந்த 2 விழுக்காடு குளிர்நாட்டுக் கணக்கு. தகரக் கொட்டகையில் 32, 33 பாகை இருக்கும். அந்தச் சூட்டில் 2 விழுக்காடு போட்டால் மேட் (கண்ணாடி இழைப் பாய்) நனைந்து முடிவதற்குள் கோப்பையில் ஜெல்லி ஆகிவிடும். எம்இகேபி ஹார்டனர் எடையில் 1 விழுக்காடு போதும், கையில் 12 முதல் 15 நிமிடம் கிடைக்கும். நேரம் வேண்டும் என்று 1க்குக் கீழே போகாதீங்க. அது இறுகின மாதிரி இருக்கும், ஆனால் முழுசா வேகாது. ஆறு மாதம் கழித்துப் பெயிண்ட் குமிழ் விடும்.

ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். 250 கிராம் ரெசினுக்கு 2.5 கிராம் ஹார்டனர், ஊசிக்குழாயில் ஏறக்குறைய 2.2 மில்லி. கண்ணளவு ஆகாது, சமையல் தராசு வாங்குங்க. கலக்க ஐஸ்கிரீம் டப்பா. வெள்ளை நுரைக் கோப்பையை ரெசின் கரைத்துவிடும். மிச்சம் கோப்பையில் கட்டியா இறுகினால் புகை வரும் அளவுக்குச் சூடாகும், அதைத் தகரத் தட்டில் பரப்பி வெளியே வையுங்க.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று: சில கடையில் கோபால்ட் முடுக்கியைத் தனிக் குப்பியில் தருவார்கள். அதையும் ஹார்டனரையும் நேரடியா ஒன்றோடு ஒன்று கலந்தால் வெடிக்கும். கோபால்ட் ஏற்கெனவே சேர்த்த ரெசினாகவே கேட்டு வாங்குங்க. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீங்க. பட்டுவிட்டால் உடனே 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, நேரா ஆஸ்பத்திரி. வைக்கிற இடம் நிழல், பிளாஸ்டிக் குப்பி, இரும்புச் சாமானுக்கும் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்டுக்கும் தூரமா.

கையுறை: நம்ம பால் மரத்து ரப்பர் கையுறை ரெசினில் உள்ள ஸ்டைரீனில் உப்பிக் கிழியும். நைட்ரைல் போடுங்க. அசிட்டோனில் அதுவும் ரொம்ப நேரம் நிற்காது, நனைந்ததும் மாற்றுங்க.

இப்போ வெடிப்பு. நட்சத்திரம் என்றால் ஒரு புள்ளியில் ஏதோ அழுத்தியிருக்கிறது: சக்கரம் எறிந்த கல், பொல்ட்டை அதிகம் முறுக்கியது, பானட் மேல் யாரோ கை ஊன்றியது. மேலே தெரிவது ஜெல்கோட் வெடிப்பு, ஜெல்கோட் என்றால் இழை இல்லாத மேல் ரெசின் தோல். அடியில் இழை உடைந்ததா என்று பார்க்க, பெயிண்டை எடுத்த பிறகு இருட்டில் பின்னாலிருந்து பலமான டார்ச் அடியுங்க. இழை முறிந்த இடம் வேறு நிறத்தில் திட்டாத் தெரியும்.

ஜெல்கோட் மட்டும் வெடித்திருந்தால், ஒவ்வொரு கோடும் மறையும் வரை அரைத்து, 300 மேட் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஒரு அடுக்கு மேலே போட்டால் போதும். இழை முறிந்திருந்தால் சரிவாக அரைக்கணும். 3 மி.மீ. தடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. சரிவு, அதாவது 12க்கு 1. 36 நம்பர் சேண்ட்பேப்பர்தான் நல்லது, வழவழப்பா விட்டால் புது ரெசின் பிடிக்க எதுவும் இருக்காது. பழைய பாலியெஸ்டர் ரெசின் மேல் புதுசு ஒட்டுவது அந்தக் கீறல்களைப் பிடித்துத்தான். அரைத்த அன்றே லாமினேட் பண்ணிடுங்க. ராத்திரி விட்டால் காற்றில் உள்ள ஈரம் இழைக்குள் இறங்கிடும்.

450 மேட் ஒரு அடுக்கு இறுகினால் ஏறக்குறைய 1 மி.மீ. ஆக 3 அடுக்கு. கால் சதுர மீட்டர் இடம் என்றால் மேட் சுமார் 340 கிராம், ரெசின் அதற்கு இரண்டரை மடங்கு, 850 கிராம். இதற்கு மேல் ரெசின் போனால் பலம் வராது, உடையும் தன்மைதான் வரும். பெரிய துண்டு முதலில், சின்னது மேலே: பெரியது முழுசா அரைத்த பரப்பில் ஒட்டும், பிறகு மேலே தேய்க்கும்போது அது அறுபடாது. இரும்பு உருளையால் காற்றை ஓரத்துக்குத் தள்ளுங்க. வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று.

பலரும் செய்யும் தப்பு, பின்பக்கம் 'பலத்துக்கு' என்று நாலு அடுக்கு அப்புவது. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும், முன்தோலை உள்ளே இழுத்துக் குழி காட்டும். அதோடு தடித்த ஒட்டின் விளிம்பில் புது வெடிப்பு வரும். பின்னால் 300 மேட் ஒன்று, விளிம்பைப் பிய்த்து மெல்லிசாக்கிப் போடுங்க, போதும்.

வாங்கும்போது இன்னொன்று. மெழுகு கலந்த ரெசின், மெழுகு இல்லாத ரெசின் என்று இரண்டு உண்டு. மெழுகு இல்லாதது மேலே பிசுபிசுப்பா நிற்கும், அடுத்த அடுக்கு நேரா ஒட்டும். மெழுகு உள்ளதை அடுக்குக்கு அடுக்கு தேய்க்காமல் போட்டால் பாய் சுருட்டுற மாதிரி உரிந்து வரும். அடுக்குகளுக்கு மெழுகு இல்லாதது, கடைசி ஒன்றுக்கு மட்டும் மெழுகு.

ஈப்போ_ஸ்பிரே

ஒரு மாற்றுக் கருத்து. 50 வருடப் பாலியெஸ்டர் மேல் திரும்பப் பாலியெஸ்டர் ஏன்? எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் அதைவிட நல்லா ஒட்டும், சுருக்கமும் குறைவு. குழி விழுகிற, மேட்டின் இழை அச்சு மேலே தெரிகிற தொல்லை இல்லை. விலை கூடத்தான், ஆனால் இந்தக் காருக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ரெசின்_வாளி

ஒட்டும் பலத்தில் அண்ணன் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. மூன்று விஷயம் கவனிக்கணும்.

எபாக்சிக்குச் சாதாரண மேட் போடக் கூடாது. மேட்டின் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. மேட் விறைப்பா நிற்கும், வளைவில் படியாது. தைத்த கண்ணாடி இழைத் துணி வாங்கணும். அடுத்து, எபாக்சி மேல் திரும்பப் பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ போட்டால் நம்ப முடியாது, சரியா இறுகாமல் போகும். மூன்றாவது, நம்ம ஈரக்காற்றில் எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் பூக்கும். அதைச் சுத்தமான தண்ணீரும் தேய்ப்பு நாரும் வைத்துக் கழுவிய பிறகுதான் சேண்ட்பேப்பர். கழுவாமல் தேய்த்தால் படலத்தை உள்ளே தேய்த்து விடுவதுதான் மிச்சம்.

என் முடிவு: ஹிஞ்ச் பாபின், பாடிப் பொல்ட் பாபின், சீட் பெல்ட் பிடிப்பு, இங்கெல்லாம் எபாக்சியும் தைத்த துணியும். மட்கார்டு மாதிரி அகலத் தோலுக்குப் பாலியெஸ்டர்.

ஈப்போ_ஸ்பிரே

ஏற்றுக்கொள்கிறேன். பாபினுக்கு எபாக்சி என்பதில் நமக்குள் சண்டையே இல்லை.

வயர்மேன்_தாப்பா

பின் விளக்கு மங்கலுக்கு மட்டும் பதில். பிரேக் மிதித்தால் சிக்னல் மினுக்குது என்றால் எர்த் போச்சு. இரும்புக் காரில் பாடியே எர்த். ஃபைபரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் திரும்பி வரணும். அது கறுத்துப்போனால் கரண்ட் பக்கத்து பல்ப் வழியா வழி தேடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பித்தளை எர்த் பட்டை போட்டு, இரண்டையும் 4 சதுர மி.மீ. வயரால் சேசிஸுக்கும் பேட்டரிக்கும் இணையுங்க. எஞ்சினுக்குத் தனித் தடிப் பட்டை. பெட்ரோல் டேங்கையும் அதன் கழுத்தையும் எர்த் பண்ண மறக்காதீங்க. பாடி கீழே இருக்கும்போதே இதை முடிச்சிடுங்க, பிறகு கை நுழையாது.

தோட்டத்துக்_கொட்டகை

ரொம்ப நன்றிண்ணே. சாமான் விஷயமா ஒரு கேள்வி: லோட்டஸ் கம்பெனி நம் நாட்டு புரோட்டோன் கையில் இருந்ததே, புரோட்டோன் தொழிற்சாலை உள்ள தஞ்சோங் மாலிம் இங்கிருந்து பக்கம். அங்கே கேட்டால் எதுவும் கிடைக்குமா?

பழைய_கிராணி

புரோட்டோன் லோட்டஸை வாங்கியது 1996இல். 2017இல் லோட்டஸின் 51 விழுக்காடு சீன ஜீலிக்குப் போயிற்று. எலான் உற்பத்தியோ 1973இலேயே முடிந்துவிட்டது. தஞ்சோங் மாலிமில் அலைய வேண்டாம். துத்தநாகம் பூசிய புதுச் சேசிஸ், பாபின், வேக்கம் குழாய், எல்லாம் இங்கிலாந்தில் இந்தக் காருக்கென்றே இருக்கிற கடைகளிலிருந்துதான் வர வேண்டும்.

சேசிஸ் மாற்றும் எண்ணம் இருந்தால் பழையதை வெட்டுவதற்கு முன்பே ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எண் தகட்டைக் கழற்றாமல் படம் எடுத்து வையுங்கள். நிறம் மாற்றினாலும் அங்கே பதிய வேண்டும். பழைய சேசிஸைப் பழைய இரும்புக்காரரிடம் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

பின் அச்சில் நாலு ரப்பர் வட்டு இருக்கும், பக்கத்துக்கு இரண்டு. ரப்பர் பற்றி தோட்டத்துப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: சும்மா நின்றாலே வெடிக்கும். பொல்ட் துளையைச் சுற்றி நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் நாலையும் மாற்றுங்கள். ஓடும்போது ஒன்று பிய்ந்தால் சுழலும் தண்டு சேசிஸையும் பாடியையும் சேர்த்து அடிக்கும்.

ஈப்போ_ஸ்பிரே

பெயிண்ட் என் பங்கு.

எடுப்பது: கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவர் ஜெல்கோட்டையும் தின்னும், இழைக்குள் ஊறி மாதக்கணக்கில் திரும்பி வரும். மணல் அடிப்பதும் வேண்டாம், ஜெல்கோட்டில் ஊசித்துளை போட்டுவிடும். ஹீட் கன்னும் வேண்டாம், பாலியெஸ்டர் 60, 70 பாகையிலேயே இளக ஆரம்பிக்கும். அகல பிளேடு வைத்த சுரண்டி, சாய்த்துப் பிடித்துச் சுரண்டணும். மிச்சத்துக்கு 80 நம்பர். நாலு அடுக்குக்குப் பல வாரக்கணக்கில் சாயங்காலம் போகும், வேறு குறுக்கு வழி இல்லை. தூசுக்குத் துணி மாஸ்க் ஆகாது, பி100 வடிகட்டி வைத்த முகமூடி. முழுக்கை சட்டை, முடிந்ததும் பச்சைத் தண்ணீர்க் குளியல். சுடுதண்ணீரில் குளித்தால் தோல் துவாரம் திறந்து இழை உள்ளே போகும் என்பது ஃபைபர் வேலை செய்கிற எல்லாருடைய பேச்சு.

காய விடுவது: எல்லா ஃபைபர் வேலையும் புட்டியும் முடிந்து, எபாக்சி பிரைமர் அடித்த பிறகு, பாடியை மூன்று நான்கு வாரம் பகலில் வெயிலில் வையுங்க, மழை வருவதற்குள் உள்ளே தள்ளிடுங்க. ரெசின் மிச்சச் சுருக்கத்தை அப்போதே சுருங்கித் தீர்க்கட்டும். பிறகு மேட்டின் அச்சும் ஒட்டுப்போட்ட விளிம்பும் மேலே தெரியும். தெரியட்டும், நல்லது. அதற்குப் பிறகுதான் தடிப் பிரைமர், நீளக் கட்டையில் 180, 320, 500. இந்த நாலு வாரத்தை மிச்சம் பிடித்தவர்கள் வீட்டில், பளபளத்த பெயிண்ட்டுக்கு அடியிலிருந்து அந்த அச்சு மேலே வரும். கறுப்பு, கரும்பச்சை என்றால் இரட்டிப்பாத் தெரியும், வெயிலில் தோலும் ரொம்பக் கொதிக்கும். மஞ்சள், வெள்ளை இந்த ஊருக்கு ஏற்றது.

அடிப்பது: காலை 10க்குப் பிறகு, 1 மணிக்குள். சாயங்கால மழைக்கு முன்னால் மேல்தோல் காய்ந்திருக்கணும். 85 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் ஸ்பிரே கன்னைத் தொடாதீங்க. பாடித் தோலின் சூடு, பனி படியும் சூட்டுக்கு மேல் குறைந்தது 3 பாகை இருக்கணும். கணக்கு: காற்று 30 பாகை, ஈரம் 80 விழுக்காடு என்றால் பனி 26 பாகையிலேயே படியும். காலை 8 மணிக்குப் பாடி இரவுக் குளிரோடு 24இல் நிற்கும், அப்போ அடித்தால் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மேல் அடிக்கிறீங்க. மெதுவாக் காயும் தின்னர் கேளுங்க, வேகமானது வெளுத்துப்போகும்.

கம்ப்ரசரிலிருந்து 10 மீட்டர் குழாய் தள்ளித் தண்ணீர் வடிகட்டி மாட்டுங்க. கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் காற்று இன்னும் சூடு, தண்ணீர் ஆவியாவே தாண்டிப் போய் கன்னில்தான் சொட்டும்.

ஹார்டனர் கலந்து அடிக்கிற டூகே பெயிண்டில் ஐசோசயனேட் என்ற நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கு. வடிகட்டி முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி வேணும். அது இல்லை என்றால் பிரைமர் வரை வீட்டில் முடித்து, நிறத்தை மட்டும் ஸ்பிரே கடையில் அடியுங்க. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் கொட்டகைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்க.

தோட்டத்துக்_கொட்டகை

கைப்பம்பு கிடைத்தது. குழாய்களை அடைத்து 15 ஏற்றினேன். இரண்டு நிமிடத்தில் 6க்கு இறங்கிவிட்டது. அடைப்பைச் சரிபார்த்து இன்னொரு தடவை ஏற்றினேன், அதே கதைதான். இடது தூணின் அடி 'டொப்'. வலது தூண் நல்ல சத்தம்.

பழைய_கிராணி

அப்படியானால் தூக்கத்தான் வேண்டும். சோப்பு நீரைத் தடவி, பம்பால் ஊதாமல் வாயால் மெல்ல ஊதிப் பாருங்கள், குமிழ் எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறுக்குச் சட்டத்தில் ஒரு துளை மட்டும் என்றால் தகடு வெட்டிப் பற்ற வைக்கலாம். தூணடியும் சேர்ந்து போயிருந்தால் ஒட்டுப்போடுவதில் பணத்தைக் கரைக்காதீர்கள், சக்கரக் கோணம் பிறகு நிற்காது. புதுச் சேசிஸ்தான்.

ரெசின்_வாளி

தூக்குவதற்கு முன் வலது கதவு ஹிஞ்ச் சோதனையை முடிச்சிடுங்க தம்பி. பாபின் கழன்றிருந்தால் அதுதான் முதல் வேலை, கதவு மூடி, சீவல் செருகி. துரு எண்ணெயை இன்றைக்கே எல்லாப் பாடிப் பொல்ட்டுக்கும் விடுங்க, ஆனால் ஹிஞ்ச் பக்கம் ஒரு சொட்டும் போகாமல் துணி வைத்து அடையுங்க. எண்ணெய் குடித்த ஃபைபரில் எபாக்சியும் ஒட்டாது.